பாகூர் வரைக்கும் ஒரு வேன்

வில்லியனூர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற அம்சவள்ளி முதலில் பார்த்தது ஆண்களின் கால்களைத்தான். தலையை நிமிர்த்தி ஒவ்வொரு முகமாகத் தேட வெட்கமாக இருந்தது. வேனிலிருந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் பாண்டிச்சேரி டவுன்காரர்கள். வெயிலே படாத வெளுத்த பாதங்கள். அவற்றுக்கு நடுவே வேட்டிக்குக் கீழே ஒரு ஜோடிக் கால், விரல்கள் அகன்று, குதிகால் வெடிப்பில் சேற்றுக் கறை ஊறிப்போய் நின்றது. மகள் அபிதா செல்போனில் காட்டிய போட்டோவில் அந்த ஆள் இடுப்புக்கு மேலேதான் இருந்தார். ஆனாலும் இவர்தான் என்று அவளுக்குப் பட்டது. பார்வையை மெல்ல மேலே கொண்டுபோனாள். வெளிர்நீலச் சட்டை, படிய வாரிய நரைத்த தலை. ஒரு பொட்டு மேகம் இல்லாத தை மாதக் காலையில் கையில் ஒரு கறுப்புக் குடை.

"இன்னா அண்ணி, குனிஞ்சிக்கினே நிக்கிற? எதனா தொலைச்சிட்டியா?" என்று பவுனம்மாள் அவள் தோளைத் தட்டினாள்.

பவுனம்மாள் வந்திருக்கவே கூடாது. இறந்துபோன கணவன் நாகமுத்துவின் தங்கை அவள். தவளக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் வேறொருத்தியோடு போனதும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு உறுவையாறுக்குத் திரும்பி வந்தவள். அண்ணன் வீட்டில் அன்று நுழைந்தவள்தான். அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது இரண்டு பெண்களும் ஒரு கறவை மாடும் கொஞ்சம் கரும்பும். இருவரும் சேர்ந்தே கழனிக்குப் போனார்கள், சேர்ந்தே டிவி பார்த்தார்கள், உப்பு கூடிப்போனதற்காக அரைநாள் பேசாமல் இருந்தார்கள். முந்தின நாள் வரைக்கும் "எனக்கு முட்டி வலி, நீ பூட்டு வா" என்றவள், காலையில் அம்சவள்ளி குளித்துவிட்டு வருவதற்குள் அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அபிதாவுக்குப் போன் போட்டுத் தனக்கும் ஒரு சீட்டு சொல்லிவிட்டாளாம். கையில் சேப்பங்கிழங்கு வறுவல் தூக்கு வேறு.

எல்லாம் அபிதாவின் யோசனை. அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்கிறவன் சுபாஷ். அவன் அப்பா கரையாம்புத்தூர்க்காரர், மனைவியைப் பறிகொடுத்தவர், நெல்லு வைக்கிறவர். பிள்ளைகள் இரண்டு பேரும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். வீட்டுக்கு வரவழைத்தால் தெருவே திரண்டு வாசலில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கோயில் டூர் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. நாள் முழுக்க ஒருத்தரையொருத்தர் பார்க்கலாம், பிடித்தால் பேசலாம். முதலில் இதைக் கேட்டபோது அம்சவள்ளி மகளைக் கன்னாபின்னாவென்று திட்டினாள். ஒரு வாரம் அவள் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் கொல்லையில் நின்று அவளே போன் போட்டு, மாடு, கரும்பு, பக்கத்து வீட்டுச் சாவு எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப்போகும்போது, "அந்த ஆளு ஒயரமா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் அபிதா சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை.

இப்போது நாத்தனார் பக்கத்தில் இருக்கும்போது என்ன பார்ப்பது, என்ன பேசுவது? யாரோ எவரோ என்று இருந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான். அப்படி முடிவு செய்ததும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

கூட்டிப்போக வந்த கைடு செல்வகுமாரி, காட்டன் புடவையும் ரன்னிங் ஷூவுமாக இருந்தவள், ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கையைத் தட்டினாள். தொண்டை கட்டிய குரல். "யாரும் ஓடக் கூடாது. சாமி எங்கியும் போகாது. நீங்க எல்லாரும் உள்ள போனதும் நேரா மூலஸ்தானம், அப்பறம் வெளிய, அப்படித்தானே பழக்கம்? இன்னைக்கு மாத்திப் போறோம். மொதல்ல அண்ணாந்து பாருங்க."

அம்சவள்ளி அண்ணாந்து பார்த்தாள். எத்தனை வருடமாக வருகிற கோயில். தேருக்கு வந்திருக்கிறாள், பிரதோஷத்துக்கு வந்திருக்கிறாள், அபிதாவுக்கு மொட்டை போட வந்திருக்கிறாள். மண்டபத்தில் தூணுக்குத் தூண் கல்லில் இவ்வளவு பேர் நின்றுகொண்டும் ஆடிக்கொண்டும் இருப்பது இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது. பக்கத்தில் நின்ற டவுன் பெண் ஒருத்தி போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தாள். செல்வகுமாரி தேரைப் பற்றிச் சொன்னாள், பிரெஞ்சுக்காரன் காலத்துக் கவர்னர் வடம் பிடித்ததைச் சொன்னாள், கோகிலாம்பாள் சன்னதிக்கு முன்னால் வந்ததும் திரும்பி நின்று, "இந்தக் கோயில்ல கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க யாருன்னா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அம்சவள்ளி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். கூட்டத்தின் அந்தக் கோடியில் ஒரு குடையும் உயர்ந்தது.

"எங்க அண்ணன் கல்யாணம் இங்கதான் நடந்திச்சு!" பவுனம்மாள் மண்டபமே அதிரச் சொன்னாள். "இவங்க எங்க அண்ணி. மூணாவது முடிச்சு நான்தான் போட்டேன். நாத்தனார் முடிச்சு!"

எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். குடை மெதுவாகக் கீழே இறங்கியது. அம்சவள்ளிக்கு முகம் சுட்டது. கோபமா, கூச்சமா என்று அவளுக்கே தெரியவில்லை. நாகமுத்து அன்றைக்கு இந்த இடத்தில் புது வேட்டி வழுக்கி வழுக்கி இடுப்பைப் பிடித்தபடியே நின்றது நினைவுக்கு வந்தது. அந்த நினைவு அவளைக் குத்தவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

அடுத்தது திருபுவனை. பெருமாள் கோயிலின் வெளிச்சுவரில், தரையை ஒட்டிய கல் வரிசையில், உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னச் சிற்பங்கள் ஓடின. செல்வகுமாரி கூட்டத்தை மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஆளுக்கொரு பக்கம் அனுப்பினாள். "என்ன கதைன்னு கண்டுபிடிச்சு எங்கிட்ட வந்து சொல்லணும்." கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, "சம்மந்தம் ஐயா தனியா வந்திருக்கீங்களா? இந்த ரெண்டு அம்மாவோட சேந்துக்குங்க" என்றாள்.

"பேரைப் பாத்தியா அண்ணி, சம்மந்தமாம்" என்று பவுனம்மாள் காதைக் கடித்தாள். அம்சவள்ளி காது கேட்காதவள்போல நடந்தாள்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தச் சிற்பங்கள் தெரிந்தன. முதலில் வெறும் கல்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்க்கப் பார்க்க உள்ளிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தன: வில் பிடித்த ஒருத்தன், வால் தூக்கிய குரங்கு, யாரோ யாருடைய காலிலோ விழுகிறார்கள். அம்சவள்ளி உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து போனாள். எத்தனை சின்ன விரல்கள். இவ்வளவு கீழே, நாய் படுக்கிற இடத்தில், யார் பார்ப்பார்கள் என்று செதுக்கினானோ.

"இந்தக் கொரங்கு சிரிக்கிது பாருங்க" என்றார் சம்மந்தம். அவரும் குனிந்திருந்தார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவள் பார்த்தாள். உண்மையிலேயே சிரித்தது. "ஆமா" என்றாள்.

எழுந்திருக்கப் பார்த்தபோது கால் மரத்துப்போயிருந்தது. பாதி எழுந்து, சுவரைப் பிடிக்கப் போய், சிற்பத்தின்மேல் கை படுமே என்று கையை இழுத்துக்கொண்டு தடுமாறினாள். அவர் சட்டென்று கையை நீட்டப் போனார், நிறுத்திக்கொண்டார். குடையைத் திருப்பி அதன் வளைந்த பிடியை அவளிடம் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவர் கம்பி முனையை இறுக்கிப் பிடித்திருந்தார். எழுந்து நின்று பிடியை விட்ட பிறகுதான், பின்னால் பவுனம்மாள் இடுப்பில் கைவைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"மழை எங்க பேயுதுன்னு கொடை எடுத்துக்கினு வந்தீங்க?" என்றாள் பவுனம்மாள், கறாராக.

"வெயிலுக்குத்தான்மா. சம்சாரத்தோடது. பையன் புதுசு வாங்கித் தரேன்னான். இதுவே நல்லாத்தானே இருக்குதுன்னு வுட்டுட்டேன்."

பவுனம்மாள் வாயை மூடிக்கொண்டாள். மதகடிப்பட்டு போகும்வரை அவள் பேசவே இல்லை. அது அம்சவள்ளியைப் பயமுறுத்தியது. பவுனம்மாளின் சண்டையை அவளால் சமாளிக்க முடியும். மௌனத்தை முடியாது.

மதகடிப்பட்டில் அடி முதல் உச்சி வரை கல்லாலேயே எழுந்து நின்ற ராஜராஜன் காலத்துக் கோயிலைச் சுற்றிவிட்டு, வெளியே மரத்தடியில் எல்லாரும் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். சம்மந்தம் சற்றுத் தள்ளித் தனியாக உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றைப் பிசைந்தார். பவுனம்மாள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு தூக்கைத் திறந்து, "இங்க வந்து ஒக்காருங்க. வறுவல் இருக்குது" என்று கூப்பிட்டாள். அவர் வந்து உட்கார்ந்ததும் விசாரணை தொடங்கியது. எவ்வளவு நெலம்? போர் தண்ணி உப்பா, நல்லதா? மருமவ எப்படி? சம்சாரத்துக்கு இன்னா ஒடம்பு? வூட்டுல யாரு சமைக்கிறது?

"சோறு வடிப்பேன். ரசம் வெப்பேன். கொழம்பு மட்டும் எனக்கு வரமாட்டேங்குது" என்றார் அவர். "எத்தினி வாட்டி வெச்சாலும் தண்ணியாப் பூடுது."

"குடிப்பீங்களா?"

அம்சவள்ளி நாத்தனாரின் முழங்காலில் இடித்தாள். "பவுனு!" என்றாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "குடிச்சிக்கினு இருந்தேன். நெறையவே. அவ படுத்தப்பறம் ராத்திரியில எழுந்து தண்ணி குடுக்கணும், பெரட்டிப் போடணும். போதையில இருந்தா காதுல வுழாதே. அதனால வுட்டேன். அவ போனப்பறம் மறுபடியும் தொட்டிருக்கலாம். தோணல."

பவுனம்மாள் தூக்கில் மிச்சமிருந்த வறுவலை முழுக்க அவர் பொட்டலத்தில் கவிழ்த்தாள்.

சாயங்காலம் வேன் நெட்டப்பாக்கம் வழியாகப் பாகூருக்குத் திரும்பியது. இரண்டு பக்கமும் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. முன் சீட்டிலிருந்து சம்மந்தம் யாருக்கென்று இல்லாமல், "இப்படியே போனா எங்க ஊரு" என்று ஒரு சாலையைக் காட்டினார். அம்சவள்ளி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். புளியமரம், ஒரு டிராக்டர், சாலையில் காயும் நெல். எந்த ஊருக்கும் போகிற சாலை மாதிரிதான் இருந்தது. மறையும்வரை பார்த்தாள்.

பாகூர் மூலநாதர் கோயிலில் கல்லில் ஆடும் பெண்களைக் காட்டி, அந்தக் காலத்திலேயே இந்த ஊரில் காலேஜ் இருந்த கதையையும் சொல்லி முடித்தபோது செல்வகுமாரியின் குரல் சுத்தமாக உள்ளே போய்விட்டது. கடைசியாக ஏரிக்கரையில் வேனை நிறுத்தி, டீ குடிக்கும்படி கையால் சைகை காட்டினாள். ஏரி நிறைந்து கிடந்தது. பொழுது சாய்கிற வெளிச்சத்தில் தண்ணீர் பித்தளைத் தகடு போலிருந்தது. இரண்டு பெண்களும் கரையில் கல்லொன்றில் உட்கார்ந்தார்கள்.

"அண்ணி, ஆளு தேவலாம்" என்றாள் பவுனம்மாள்.

"எந்த ஆளு?"

"எந்த ஆளா? நீ கொல்லையில நின்னு போன் பேசுனா, மோட்டார் கொட்டாயில இருக்கறவனுக்கும் கேக்கும். எனக்குக் கேக்காதா?"

அம்சவள்ளி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "அப்பறம் ஏன்டி வந்த? தடுக்கவா?"

"ஆமா. தடுக்கத்தான் வந்தேன். இவ எங்க அண்ணன் பொண்டாட்டின்னு அந்த ஆளு காதுல வுழணும்னுதான் கோயில்ல அப்படிக் கத்துனேன்." பவுனம்மாள் புடவை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்பறம் பாத்தா கேட்டதுக்கெல்லாம் பொய் சொல்லாம பதில் சொல்லிக்கினே இருக்குது அந்த மனுசன். பொய் சொல்ற ஆம்பளைய எனக்குத் தெரியும் அண்ணி. அதுங்கூடக் குடும்பம் நடத்துனவ நானு. இது அந்த மாதிரி இல்ல. நான் இன்னா பண்ணட்டும்?"

"ஒன்ன வுட்டுட்டு நான் எப்படி..." என்றாள் அம்சவள்ளி.

"என்ன எங்க வுடுவ? கரையாம்புத்தூரு இன்னா டெல்லியா?" என்றாள் பவுனம்மாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. "பொழுது போனா யாருகிட்ட சண்ட போடறது, அதான் யோசன. மாடு திருப்பிப் பேசாது."

அம்சவள்ளி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காய்த்துப்போன கை, தன்னுடையதைப் போலவே. "நான் இன்னும் ஒன்னும் சொல்லலடி. எனக்கே தெரியல."

"தெரியாட்டி போவுது. நாள் இருக்குது. ஆனா அந்தக் கொழம்பு விசயம் மட்டும் யோசி. தண்ணியா வெக்கிறாராம்."

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே இருந்ததால் எதை அடக்குவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டார்கள். தண்ணீரில் முக்குளித்துக்கொண்டிருந்த நீர்க்காகம் ஒன்று எழுந்து பறந்தது.

டீக்கடையிலிருந்து சம்மந்தம் வந்துகொண்டிருந்தார். மூன்று பேப்பர் கப்புகளை இரண்டு கைக்குள் சேர்த்து அணைத்திருந்தார். விளிம்பு வரை நிறைந்த டீ. சூடு விரலைச் சுட்டிருக்க வேண்டும். இரண்டடிக்கு ஒரு முறை நின்று பிடியை மாற்றினார். ஏரிக் காற்று வேட்டியைப் பக்கவாட்டில் இழுத்தது. கரை மேட்டின் சரளைக் கற்களில் ஒவ்வொரு காலாகத் தேடித் தேடி வைத்து, கண்ணைக் கப்புகளிலிருந்து எடுக்காமல், ஒரு சொட்டும் சிந்தாமல் அவர் மேலே ஏறி வருவதை இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.