அக்கா போட்ட கையெழுத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் ஒரு மை டப்பா. 1999-இல், கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில், அதை என் அக்கா வள்ளியாத்தாளின் கட்டைவிரலுக்கு நேராக நீட்டினவன் நான்தான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘காற்றிலாடும் வேப்பிலை போல அவள் கை…’

அடித்துவிட்டேன். வேப்பிலையாவது ஒன்றாவது! டம்ளரை எடுத்தால் காபி முகத்தில் கொட்டும். சோறு ஊட்டிவிட ஆள் வேண்டும். அந்தக் கைநடுக்கத்துக்குத்தான் ஆப்பரேசன்.

2

மண்டையில் துளை போட்டு மூளைக்குள் மெல்லிய கம்பி இறக்குவார்கள். நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி. அதிலிருந்து போகும் மின்சாரம் நடுக்கத்தை அடக்கும். (ஆள் விழித்திருக்கும்போதே செய்வார்களாம். கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன். அக்கா உட்காரவில்லை.) டாக்டர் வெளியூர்க்காரர். அன்றைக்கு விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

சம்மதப் படிவத்தில் பேனா நிற்கவில்லை. ஆபீஸ்காரர் பாலுசாமி, “ரேகை வெச்சுருங்கம்மா, நேரமாகுது” என்று மை டப்பாவை என்னிடம் தள்ளினார்.

நான் நீட்டினேன்.

“ஏண்டா கண்ணு, நீயுமா?”

[அவளை வீம்புக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அறிவொளி இயக்கம் நடந்தபோது சென்னிமலையில் நாற்பத்தோரு பெண்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவள். இனி மை டப்பாவைத் தொடுவதில்லை என்று ஒவ்வொருத்தியிடமும் சத்தியம் வாங்கினவள்.]

“அதைத் தொட்டுப்போட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள போவேன்? பேனாவைக் குடு.”

3

இருபது நிமிடம். காகிதத்தை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரண்டு இடத்தில் கிழிந்தது. ஆனால் போட்டாள்.

பாலுசாமி உதட்டைப் பிதுக்கினார். “கிறுக்கலாட்டம் இருக்குதுங்கம்மா. செல்லாது.”

“ஏனுங்க, நடுங்குதுன்னுதானுங்க வைத்தியத்துக்கே வந்திருக்கறேன்? நடுங்கற கை போட்டாலும் கையெழுத்து கையெழுத்துத்தானுங்க. செல்லாதுன்னா ஆப்பரேசனே வேண்டாம். ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க.”

4

முடிவு ஒன்று: கம்பி இறங்கியது, கை நின்றது, அக்கா முத்து முத்தாக…

மாட்டேன். அப்படி முடித்தால் நடுங்கின கையால் போட்ட கையெழுத்து தப்பென்று ஆகிவிடும்.

முடிவு இரண்டு: திருப்பி அனுப்பினார்கள். ‘ஐயோ பாவம்’ என்பீர்கள். உங்கள் பாவம் அவளுக்கு எதற்கு?

நடந்தது எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. இனி பாலுசாமியின் நாற்காலியில் நீங்கள்தான். படிவத்தை உங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறேன். கிழிசல் இரண்டு, கோட்டைத் தாண்டி இறங்கிப்போன ஒரு ‘ள்’. மை டப்பாவைத் தேடாதீர்கள், குப்பையில் போட்டுவிட்டேன். உள்ளே டாக்டர் காத்திருக்கிறார். எதிரே அக்கா நிற்கிறாள்.

செல்லுமா, செல்லாதா? என்னிடம் வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.