நூற்று நாற்பத்து மூன்று புகார்

ஒரு வெர்ஷன் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று பார்க்க உமாசங்கர் கண்டுபிடித்த வழி புகார்ப் புத்தகம். ஆரியசாலையில் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது, கடைக்கும் குடோனுக்கும் சாஃப்ட்வேர் எழுதி விற்கும் அவருடைய கம்பெனி. கடைக்காரர்கள் போனில் என்ன குறை சொன்னாலும் போன் எடுக்கும் ஜிஷா அந்தப் புத்தகத்தில் எழுதிவைப்பாள். மாதத்துக்குப் பத்துப் புகார்கூட வராத வெர்ஷனை யாரும் உபயோகிக்கவில்லை, அதற்கு ஆள் போட்டுப் பராமரிப்பது தண்டம். இதைச் சொல்ல அவர் எம்.பி.ஏ. வேறு படித்திருந்தார்.

2002 பிப்ரவரியில் அந்தப் புத்தகத்தைத் தட்டி, “மூணாம் வெர்ஷனுக்கு எட்டு மாசமா ஒரு போன் இல்ல. அடுத்த மாசமும் இதே கதைன்னா நிறுத்தியாச்சு” என்றார்.

“குறை இருந்தாத்தானே சார் கூப்பிடுவான்?” என்றான் தாசையன். அந்தப் பழைய வெர்ஷனைப் பராமரிப்பவன் அவன் ஒருவன்தான். “அது ஓடுது. ஓடுறதனாலதான் கூப்பிடல.”

“ஓடுதுன்னா பின்னே அண்ணன் எதுக்கு?” என்று சிரித்தான் அனூப்.

அனூப் ஐந்தாம் வெர்ஷனை எழுதியவன். அதைத் திறந்தால் முதலில் ஒரு பூமி உருண்டை சுற்றும். கடைகளிலிருந்த கிழட்டு மெஷின்களில் அது சுற்றி முடிக்க நாலு நிமிடம். மாதம் நாற்பது புகார் வரும். அத்தனையையும் மெடல்போல மார்பில் குத்திக்கொண்டு அலைந்தான் பயல்.

தாசையன் பாறசாலைப் பக்கம் செங்கல் சூளையில் சுமந்து படித்தவன். ஏ.சி. அறையில் உட்கார்ந்து அடுத்தவன் முதுகைப் பற்றி முடிவெடுப்பவர்களைக் கண்டால் அவனுக்கு வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.

முதுகு என்றால் நிஜமாகவே முதுகுதான். சாலை பஜாரில் மொத்த வியாபாரி ஆறுமுகநயினாரின் குடோனில் இருபத்திரண்டு சுமட்டுக்காரர்கள். அங்கே தினமும் காலையில் மூன்றாம் வெர்ஷன் ஒரு முறைச்சீட்டு அடித்துத் தரும். நேற்று அரிசி மூட்டை சுமந்தவனுக்கு இன்றைக்கு லேசான மிளகாய் வற்றல் மூட்டை. நேற்று வற்றல் என்றால் இன்றைக்கு அரிசி. சீட்டு வருவதற்கு முன்னால் மேஸ்திரியின் மச்சினனுக்கு மட்டும் எப்போதும் வற்றல் கிடைக்கும். இரண்டு தடவை கத்தியை எடுத்துவிட்டார்கள்.

மூன்றை நிறுத்தினால் குடோனுக்கு வருவது ஐந்தாம் வெர்ஷன், அதில் இது கிடையாது. பெயரின் முதலெழுத்துப்படி வரிசை போட்டுவைத்திருந்தான் அனூப். அப்துலுக்கு ஆயுசுக்கும் வற்றல், சிவதாணுவுக்கு ஆயுசுக்கும் அரிசி.

சிவதாணுதான் அந்தச் சுமட்டுக்காரர்களுக்குத் தலைவர். வயது ஐம்பத்திரண்டு, வலது முட்டு போய்விட்டது. மறுநாள் தாசையன் குடோனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் தலைத்துணியை அவிழ்த்து உதறினார்.

“ஒழுங்கா ஓடுதேன்னு வாயை மூடிக்கிட்டுக் கெடந்தது குத்தமாடே?”

“அவருக்குப் புகார் வேணும் அண்ணாச்சி. பத்து வந்தாப் போதும்.”

“பத்தா? செக்ரட்டேரியட் நடையில எத்தன தர்ணா இருந்தவன்லே நான்! பத்துன்னு வந்து நிக்கான் பாரு.” பிறகு ஆட்களைப் பார்த்து விரலை ஆட்டினார். “கேட்டுக்கிடுங்கடே. தினம் அஞ்சு பேரு, அதுவும் முறைவச்சு. ஆனா பொய் சொல்லப்பிடாது. உள்ளதைச் சொல்லணும்.”

மார்ச் முழுக்க ஜிஷாவின் போன் ஓயவில்லை. சீட்டில் மை மங்கல். திரையில் எழுத்துப் பச்சையாக இருக்கிறது, கண்ணுக்குப் பிடிக்கவில்லை. பிரிண்டர் கத்துகிற கத்தில் பூனை ஓடிவிட்டது. அவள் பாவம், ஒரு எழுத்து விடாமல் எழுதினாள்.

மாதக் கடைசியில் உமாசங்கர் எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று. எண்ணினாரே தவிர ஒன்றையாவது வாசிக்கவில்லை.

“அடேயப்பா! நம்ம கம்பெனியிலேயே அதிகமா ஓடுறது இதுதான். நிறுத்தியிருந்தா சாலைக்காரன் நம்மளத் தெருவுல இழுத்துப்போட்டு அடிச்சிருப்பான்.”

தாசையனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அடுத்த பேச்சிலேயே நின்றது.

“ஆனா இவ்வளவு குறையோட எப்படி விட்டுவச்சோம்? அனூப், நீயே உக்காந்து எல்லாத்தையும் சரிபண்ணு.”

அந்த மகாராசன் கை வைத்தால் முறைச்சீட்டு ஒரு வாரம் தாங்காது. தாசையன் தன் மேசைக்குப் போய், மூன்றாம் வெர்ஷனின் மூல ஃபிளாப்பி இரண்டையும் சோற்றுப்பைக்குள் தள்ளினான். ஒரு நகலை மட்டும் அனூப்பிடம் நீட்டினான். குடோன் மெஷினில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்பது எப்படியும் தாசையன் கையில்தான். அனூப்புக்கு வற்றல் நெடி ஆகாது, அந்தப் பக்கம் வரவேமாட்டான்.

அனூப் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தான். “நூத்துச் சில்லறை உண்டல்லோ அண்ணா. எது முதல்ல?”

தாசையன் பக்கங்களைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தான். புகார் அறுபத்தொன்று, சிவதாணு. காலையில் மெஷினைப் போட்டதும் சீட்டு வந்துவிடுகிறது. டீ குடித்து முடிக்க நேரம் தருவதில்லை.

“இதை.”

“இதெப்படிச் சரியாக்குறது?”

“உன் அஞ்சாம் வெர்ஷன்ல உருண்டை சுத்துதே, அதுல இந்தக் குறையே இல்லியேடே. அதைப் பாத்துச் செய்யி.”

அனூப் தலையை ஆட்டினான். பிறகு குனிந்து, நோட்டில் அதை எழுதிக்கொண்டான்.