வியாகுலம்மாள் பிரித்த வைரஸ் கூறு

2021 ஐப்பசியில், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்கள் எண்ணூர் கழிமுகத்தில் இறால் பருமனுக்கு வளர்ந்து வலையில் விழ ஆரம்பித்தன. அந்த மாதம் வஞ்சிர மீன் வரத்து குறைவு. பட்டை வெட்டிய கண்ணாடிக் குண்டுபோலத் தலை, கீழே வால், வாலடியில் ஆறு கால். முதல் நாள் மட்டும் காசிமேட்டு மீன் துறைமுகத்தில் பதினோரு லாரி இறங்கின. மனிதரை அவை ஒன்றும் செய்யவில்லை. ஏலக்காரர் குரலுக்குத்தான் கொஞ்சம் நடுங்கின.

பிரிக்கும் வேலை அங்கே மீன் விற்கும் வியாகுலம்மாளிடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டே சங்கரா மீனையும் நவரை மீனையும் தனித்தனிக் கூறு போடுகிறவள். சுருங்கும் வால், நீண்டு வளையும் வால், குட்டை வால் என்று மூன்றே கூறு போட்டாள். உலகத்து விஞ்ஞானிகளும் பல வருடமாக அதே மூன்று கூறுதான் போட்டிருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி ஆய்வகத்து அனிஷா வந்து சொன்னபோது அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

அடுத்த வருடம் தவக்காலத்தில், வலை பின்னும் அவள் புருஷன் இன்னாசியின் வலது காலில் எந்த மருந்துக்கும் மசியாத பாக்டீரியாக் கிருமி புகுந்தது. மூன்றாம் வெள்ளியன்று அந்தக் காலை வெட்டி எடுத்துவிட டாக்டர் நாள் குறித்தார். வியாகுலம்மாள் மூன்று கூறிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துப் புண்ணில் விட்டதில், நீள வால் வைரஸ் ஒன்று மட்டும் அந்தக் கிருமியைக் கொறித்தது. உடனே அந்தக் கூறில் இருந்த நாலாயிரத்து முந்நூறையும் வரிசையாகப் புண்ணில் விட்டுப் பார்த்தாள். ஆறு மட்டும் கூடவே கொறித்தன. மிச்சமெல்லாம் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கூடையில் ஏறிக்கொண்டன. ஏழு போதவில்லை, புண் கணுக்காலைத் தொட்டது.

அந்த வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை அனிஷா ஓடி வந்தாள். வால் பார்த்து வகுத்த மூன்று குடும்பங்களையும் வைரஸ்களுக்குப் பெயர் வைக்கும் உலகக் குழு கலைத்துவிட்டதாம்.

"வால் ஒரே மாதிரி இருந்தா சொந்தக்காரங்கன்னு அர்த்தம் இல்லையாம்க்கா. உள்ள இருக்கிற மரபணு நூலைப் பார்த்துதான் இனிமே பிரிக்கணுமாம்."

கட்டிலில் கிடந்த இன்னாசி தலையைத் தூக்கினான். "இன்னாமே, நூலா? எங்கைல குடு. நாப்பது வருசமா அத்தத்தானே பண்ணிகினு கீறேன்."

"காலு போவப் போவுது, வாயி போவுதா பாரு," என்றாள் வியாகுலம்மாள். ஆனாலும் கொறித்த வைரஸின் தலையைத் திறந்து நூல் நுனியை எடுத்துக் கொடுத்தாள். அது அவிழ்ந்து திருவொற்றியூர் தேரடி வரை போய்த் திரும்பி வந்தது. கிழிந்த வலையைத் தடவியே, முடிச்சுப் போட்டது எந்த வீட்டுக் கை என்று சொல்லிவிடும் இன்னாசி, மற்ற இரண்டு கூறுகளின் நூலையும் கூடை கூடையாகத் தடவினான். பார்த்த நூலைச் சுருட்டித் திரும்ப உள்ளே வைத்தான், ஒன்றுகூடச் சாகவில்லை.

"வியாகுலம், இந்தக் குட்டை வாலு அந்த நீட்டு வாலுக்குப் பங்காளி. ஒரே வூட்டு முடிச்சு."

வியாழன் மதியத்துக்குள் குட்டை வாலில் ஐந்நூறு, சுருங்கும் வாலில் இருநூறு பங்காளிகள் தேறினார்கள். அனிஷா கிட்டே நிற்க, எல்லாவற்றையும் புண்ணில் விட்டார்கள். பொரி கொறிக்கிற சத்தம் ராயபுரம் பாலம் வரை கேட்டது.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து வலது காலைப் பார்த்தார், இடது காலைப் பார்த்தார், மறுபடி வலது காலைப் பார்த்தார். "எந்தக் கால்?" என்று கேட்டார்.

இப்போது காசிமேட்டில் வைரஸை முடிச்சு பார்த்துத்தான் கூறு போடுகிறார்கள். கூறு எழுபதைத் தாண்டிவிட்டது. புண்ணுக்கு வாங்க வந்து, பழக்கதோஷத்தில் வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கும் வெளியூர்க்காரர்களிடம், "வாலைப் பாத்து வாங்க இது இன்னா பறக்கவுடற காத்தாடியா?" என்கிறாள் வியாகுலம்மாள். அவர்கள் பையை விரித்துப் பிடிக்கிறார்கள். பக்கத்தில் இன்னாசி, இரண்டு காலையும் ஊன்றி நின்று, ஐஸ் உடைத்துக்கொண்டிருக்கிறான்.