பட்டாணி வாந்தி எடுக்காத வண்டி

டிரைவிங் லைசென்ஸ் தபாலில் வந்து சேர்ந்த அன்றே அண்ணனும் வந்து சேர்ந்தார்.

"பாப்பா, இனிமே கவலைய விடு. வண்டி நான் பாத்து வெச்சிட்டேன்" என்றார், ஷூவைக் கழற்றும்போதே.

பாப்பாவுக்கு நாற்பது வயதாகப் போகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அந்த வேலையை நம்பித்தான் கணவரையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்திருந்தாள். ஆனாலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். இந்த நாட்டுக்குப் பல வருடம் முன்பே வந்து காலூன்றியவர் அவர். வீடு பார்த்துக் கொடுத்தது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது, எந்தக் கடையில் எந்தக் கிழமை காய்கறி புதுசாக வரும் என்று சொல்லிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். அதனால் அவர் வார்த்தைக்கு அந்த வீட்டில் மறுவார்த்தை கிடையாது.

"என்ன வண்டிண்ணே?"

"சாம்பல் கலர் செடான். என் கூட வேலை பாக்குறவர் விக்கிறார். தங்கமான வண்டி. நம்ம ஆளுங்க பாதிப் பேரு அதான் வெச்சிருக்காங்க. ஒர்க்‌ஷாப் வாசல்ல போய் தவம் கிடக்க வேண்டாம்."

"சரிண்ணே" என்றாள். வாய்தான் சொன்னது.

ஊரில் இருந்தவரை அவள் வேலைக்கு ஸ்கூட்டரில் போனவள். ஹெல்மெட்டுக்குள்ளேயே பாட்டுப் பாடிக்கொண்டு போவாள். வெளியே கேட்காது என்கிற தைரியம். இங்கே வந்ததிலிருந்து பஸ்தான். காலை ஷிஃப்ட் என்றால் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் பத்து நிமிடம் பிந்திப் போய், மேலதிகாரி கடிகாரத்தைப் பார்ப்பதைத் தானும் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே கார் அவசியம்; அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவள் மனசுக்குள் இன்னொரு ஆசை இருந்தது. சாவியைக் கையில் எடுத்ததும் எங்கேயாவது போய்வரலாமா என்று தோன்ற வைக்கிற வண்டி வேண்டும். இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. வந்து ஒரு வருடம்கூட ஆகாத வீட்டில், வண்டி ஜாலியாக இருக்கணும் என்று சொன்னால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

கணவரிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் கணக்கு வாத்தியார். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கான அனுமதி வரும்வரை கணினியில் பாடம் எடுத்துக்கொண்டு, சமையலையும் தன் பொறுப்பில் வைத்திருந்தார். கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆனால் கார்களைப் பற்றிப் படிப்பதில் அவருக்கு இணை கிடையாது. எந்த வண்டியில் எத்தனை காற்றுப் பை, எது சுவரில் மோதினால் எவ்வளவு நசுங்கும் என்றெல்லாம் சாப்பிடும்போது சொல்லுவார். சோறு இறங்காது.

இந்த இருவரையும் விடப் பெரிய பிரச்சினை பிள்ளைகள்.

பெரியவளுக்குப் பதினாலு வயது, வளர்த்தியில் அப்பாவை எட்டிப் பிடித்துவிட்டாள். போதாக்குறைக்குப் பள்ளிக்கூடத்து இசைக்குழுவில் சேர்ந்து ஒரு செல்லோவையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். வயலினுக்கு அண்ணன் முறை, ஆள் உயரம், உறையோடு சேர்த்தால் ஒரு ஆளின் பருமனும் உண்டு. சின்னவள், ஆறு வயது, உருண்டு திரண்டு இருப்பதால் பட்டாணி. பட்டாணியை எந்த வாகனத்தில் ஏற்றினாலும் மூன்றாவது திருப்பத்தில் வாந்தி எடுப்பாள். பஸ், டாக்சி என்று பாகுபாடு பார்ப்பதில்லை. அண்ணனின் ஏழு பேர் போகிற பெரிய வேனில் மட்டும் எத்தனை தடவை என்று அண்ணியைத்தான் கேட்க வேண்டும், துடைத்தது அவள்தான்.

சனிக்கிழமை சாம்பல் செடானைப் பார்க்கப் போனார்கள். வண்டி சொன்னபடியே தங்கம். கீறல் இல்லை, சத்தம் இல்லை. கதவைத் திறந்தால் மட்டும் மல்லிகை சென்ட் குப்பென்று மூக்கில் அறைந்தது. செல்லோவைப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள், பெரியவளுக்கு இடமில்லை. பெரியவளை உட்கார வைத்தார்கள், செல்லோவுக்கு இடமில்லை.

"டிக்கில வெச்சுப் பாருங்க" என்றார் அண்ணன்.

வைத்துப் பார்த்தார்கள். கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஆளக் கடத்திட்டுப் போற மாதிரி இருக்கு" என்றாள் பெரியவள்.

செல்லோவை அங்கேயே விட்டுவிட்டு ஒரு சுற்றுப் போனார்கள். முதல் ரவுண்டானாவிலேயே பட்டாணி, "அம்மா, வருது" என்றாள். வந்தது. விற்கிறவர் உள்ளே போய் வாளியும் துணியும் எடுத்துவந்த வேகத்தில் விலை பேசுகிற எண்ணம் அவருக்கும் விட்டுப்போனது தெரிந்தது.

அடுத்த வாரம் கார் கடை. ஊருக்கு வெளியே, பெரிய முற்றத்தில் வரிசை வரிசையாக வண்டிகள். அண்ணன் நேரே ஒரு ஏழு சீட்டு வண்டியிடம் கூட்டிப் போனார். அவருடைய வேனின் தம்பி. செல்லோ ராஜா மாதிரி ஏறிப் படுத்தது. பெரியவள் கால் நீட்டிக்கொண்டாள். கணவர் காற்றுப் பைகளை எண்ணி முகம் மலர்ந்தார். ஓட்டிப் பார்த்தபோது பட்டாணி பழைய இடத்திலேயே, அதாவது ரவுண்டானாவிலேயே, கையைத் தூக்கினாள். இந்த முறை பை தயாராக இருந்தது.

"அது எந்த வண்டியிலயும் வரும், பாப்பா. வளர்ந்தா சரியாயிடும். இதையே முடிச்சிடலாம்" என்றார் அண்ணன்.

கணவர் அவளைப் பார்த்தார். "உனக்கு ஓகேவா?"

"நல்ல வண்டிதானேங்க" என்றாள். அந்த வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள் அவளுக்கு முதுகெல்லாம் வேர்த்திருந்தது. இப்படி ஒரு லாரியில் பாட்டுப் பாட முடியுமா என்று தெரியவில்லை.

ஆண்கள் இருவரும் விற்பனையாளரோடு பேசப் போனார்கள். அவள் பட்டாணியை வாய் கொப்பளிக்க வைத்து, காற்றாட முற்றத்தின் கடைசிவரை நடத்திக் கூட்டிப் போனாள். அங்கே மதிலோரம் ஒரு சின்னக் கார் நின்றிருந்தது. பெட்டி மாதிரி சதுரம். கிளிப்பச்சை நிறம். கூரையில் தகரத்துக்குப் பதிலாகக் கெட்டியான கறுப்புத் துணி. பாய் மாதிரி பின்பக்கமாகச் சுருண்டுகொள்ளும் போலிருந்தது. அவள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில் அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பட்டாணி தானாகவே ஏறி உட்கார்ந்திருந்தாள். கார் என்றாலே தூணைக் கட்டிப்பிடித்துக்கொள்கிற பிள்ளை.

"இது வண்டி இல்லம்மா. பொம்மை" என்றாள்.

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு என்ன துணிச்சல் வந்ததோ, நேராகப் போய் விற்பனையாளரிடம் அதன் சாவியைக் கேட்டாள்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "எது, அந்தப் பச்சையா? பாப்பா, அது காலேஜ் பசங்க ஓட்டுறது."

"சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரேண்ணே."

விற்பனையாளர் சந்தோஷமாகவே சாவியைக் கொடுத்தார். நிறத்தைப் பார்த்துவிட்டு யாருமே எடுப்பதில்லை, இன்ஜின் அருமையானது, கூரை மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும் என்றார். பின் சீட்டில் ஒரு பாதியை மடக்கினால் செல்லோ நீளவாட்டில் படுத்து, தலையை முன் சீட்டுகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டது. பெரியவள் அதன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். பட்டாணியை மடியில் வைக்கக் கூடாது என்பதால், முன்னால் அப்பா உட்கார வேண்டிய இடத்தைப் பற்றி ஒரு சின்ன வழக்கு நடந்தது. கடைசியில் செல்லோவை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அவர் அதைக் கட்டிக்கொண்டு முற்றத்து நடுவில் நின்றார்.

"ஒரே நேரத்துல எல்லாம் ஏறாது" என்றார் கணவர், பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டே.

"செல்லோ கிளாஸுக்குப் பட்டாணி எதுக்குங்க வரணும்?"

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான்."

முற்றத்தைத் தாண்டியதும் பொத்தானை அழுத்தினாள். துணிக்கூரை மடிந்து மடிந்து பின்னால் போயிற்று. தலைக்கு மேல் வானம். கணவர் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ரவுண்டானா வந்தது. எல்லோரும் பட்டாணியைப் பார்த்தார்கள். பட்டாணி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணுது?" என்று கேட்டார் அப்பா.

"மேகம் சுத்துது."

"வயிறு?"

"வயிறு சும்மா இருக்கு. இன்னொரு சுத்து போம்மா."

இன்னொரு சுற்றுப் போனாள். அதற்குமேலும் ஒன்று. ஸ்டீயரிங்கைத் தொட்டால் வண்டி திரும்பியது. மிதித்தால் துள்ளிக்கொண்டு ஓடியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பெரியவள் மட்டும் இருக்கையில் சறுக்கி, முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என் கிளாஸ் பொண்ணு ஒருத்தி அந்தப் பஸ் ஸ்டாப்ல நிக்கிறா. இந்தக் கலர்ல என்னை ஸ்கூல் வாசல்ல மட்டும் இறக்கி விட்றாதீங்க. தெரு முனை போதும்."

திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பொத்தானை அழுத்தினாள். கூரை பாதி தூரம் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினாள். அசையவில்லை. மழை நேரே கணவரின் தலைமேல் இறங்கியது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், அசைந்தால் கூரை கோபித்துக்கொள்ளுமோ என்பது போல. பட்டாணி வாயைத் திறந்து மழையைக் குடித்தாள்.

போச்சு, என்று நினைத்தாள் அவள். இனி இந்த வண்டியின் பேச்சை எடுக்கவே முடியாது. சும்மா இருந்த அந்த நல்ல பெரிய வண்டியை விட்டுவிட்டு என்ன வேலை இது.

கணவர் முன்னால் டேஷ்போர்டில் இருந்த சின்ன அறையைத் திறந்து, வண்டியோடு வரும் கையேட்டை எடுத்தார். மழையில் நனைந்த பக்கங்களைப் பிரித்துப் பிரித்துப் படித்தார். "வேகத்தைக் குறைச்சுட்டுப் பொத்தானை விடாம அழுத்திப் பிடிக்கணுமாம். நீ தொட்டுத் தொட்டு எடுக்குறே."

ஓரமாக மெதுவாக்கி அழுத்திப் பிடித்தாள். கூரை முனகிக்கொண்டே வந்து மூடியது. உள்ளே திடீரென்று அமைதி. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கக் காய்ந்த துணி எதுவும் அவர்மேல் இல்லை.

"சாரிங்க. அந்தப் பெரிய வண்டியே எடுத்துக்கலாம்" என்றாள்.

"ஏன்?"

"அதுல எல்லாரும் ஏறலாம். காத்துப் பை நிறைய இருக்கு. நீங்க நனைய மாட்டீங்க."

"அத எடுத்தா வாரம் ரெண்டு தடவை சீட்டு கழுவணும். கழுவப் போறது நான்தானே." கண்ணாடியில்லாமல் அவர் முகம் இளைத்து, குறும்பாகத் தெரிந்தது. "அதோட, அத நிறுத்தும்போது உன் மூஞ்சிய நான் பாத்தேன். இதுல ரவுண்டானாவ மூணு தடவை சுத்தினியே, அப்பவும் பாத்தேன். ஏன் முதல்லயே சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ஜாலியா இருக்குன்னா?"

"ஆமா. அப்படியே சொல்லியிருக்கலாம்." பிறகு கொஞ்சம் கறாராகச் சொன்னார்: "இதுல காத்துப் பை எத்தனைன்னு மட்டும் நான் பாக்கணும்."

பார்த்தார். திருப்தியாகத்தான் இருந்தது.

அண்ணனுக்கு அந்தத் திருப்தி வரவில்லை. வண்டி வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு வந்து, அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். கூரைத் துணியை இழுத்துப் பார்த்தார்.

"மாப்ள, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? இது காரா, கார் போட்ட குட்டியா?"

"நான்தான் மச்சான் முடிச்சேன்" என்றார் கணவர். அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்குள் அண்ணி முன் சீட்டில் ஏறி பெல்ட்டும் போட்டாயிற்று. அவளை இறங்கச் சொன்னார் அண்ணன். "நீங்க உங்க கப்பல்ல பின்னாடியே வாங்க. நாங்க நாலு பொம்பளைங்க இதுல போறோம்" என்றாள் அண்ணி. போனார்கள். பின்னால் வந்த வேனில் இரண்டு ஆண்களும் ஒரு செல்லோவும் இருந்தார்கள்.

எல்லாமே கச்சிதமாக அமைந்துவிடவில்லை. விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில் கூரையைத் திறக்க முடியாமல், பட்டாணி ஒரு தடவை தன் வேலையைக் காட்டினாள். பெரியவளை இன்றுவரை தெரு முனையில்தான் இறக்கிவிட வேண்டியிருக்கிறது. ஆனால் அவளுடைய தோழிகள் அந்த முனைக்கே வந்து காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள்.

குளிர் வந்த பிறகு கணவர் ஒன்றைக் கவனித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூரம் மிகவும் குறைவு. மனைவியோ வேலை முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். மூக்கு நுனி சிவந்து, தலைமுடி பறந்து, முகமெல்லாம் சந்தோஷமாக.

"ஏன் லேட்டு?" என்றார் ஒரு நாள்.

"டிராஃபிக்குங்க" என்றாள், தொண்டை கட்டிய குரலில். பாடினால் கட்டுகிற மாதிரி கட்டியிருந்தது.

அவர் அடுப்பை அணைத்தார். பிள்ளைகள் இருவரும் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆணியில் மாட்டியிருந்த கம்பளிக் குல்லாவை எடுத்துக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்த டிராஃபிக் எந்தப் பக்கம்? என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போ" என்றார்.

அவள் கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டாள்.