பின்னால் மட்டும் போகும் வண்டி

முனிரத்தினத்துக்குக் கோபம் வந்தால் முதலில் சிவப்பது மூக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே அது பழுத்த தக்காளியாக இருந்தது. காரணம், எதிரே கொட்டகையில் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நின்ற கோல்ஃப் வண்டி.

பெரும்பாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிக் கல் நட்டு மனை விற்கிற கம்பெனியில் அவன் டிரைவர். ஏதோ ஒரு ஹோட்டல் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டியை முதலாளி பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அங்கே யாரும் கோல்ஃப் ஆடவில்லை; ஆடினால் பந்து சேற்றில் ஜலசமாதி ஆகிவிடும். ஞாயிறுதோறும் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து இலவச வேனில் வந்து இறங்கும் குடும்பங்களை, கால் சேற்றில் படாமல் சுற்றிக் காட்டத்தான் வண்டி. நடந்து பார்த்தவன் வாங்கமாட்டான் என்பது மேனேஜர் ஏகநாதன் அனுபவத்தில் கண்டறிந்த உண்மை.

பாட்டரி வண்டி, கியர் கிடையாது. சீட்டுக்குக் கீழே ஒரு லீவர். இப்படித் தள்ளினால் முன்னால் போகும், அப்படித் தள்ளினால் பின்னால் போகும். நேற்றிலிருந்து அது பின்னால் மட்டும்தான் போகிறது. முன்னால் தள்ளி மிதித்தால் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி.

நேற்றுக் காலையில் வண்டியை எடுத்தவன் இன்னொரு டிரைவர் யேசுதாசன். பம்மல்காரன், சின்ன வயசு. எட்டு மாசம் வேலையில்லாமல் அலைந்து, இங்கே சேர்ந்த தைரியத்தில்தான் கல்யாணமே செய்துகொண்டவன். முன்னால் போகாத வண்டியை அவன் அப்படி இப்படித் தள்ளிப் பார்த்ததில், அது விருட்டென்று பின்னால் பாய்ந்து சுவரில் இடித்து, பின்பக்கத் தகடு நெளிந்துபோயிற்று.

எடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று அவன் சொன்னதை மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முனிரத்தினம் சொன்னதுதான் ஏறியது.

“ஓடுற வண்டிலயே லீவர திருப்புறான் சார். நின்ன அப்புறம்தான் திருப்பணும்னு நூறு தபா சொல்லிக்கீறேன். உள்ள எரிஞ்சி பூட்டிருக்கும்.”

அப்படித் திருப்பினால் எரியும் என்பது வாஸ்தவம். யேசுதாசன் அப்படித் திருப்பி முனிரத்தினம் பார்த்ததில்லை என்பதும் வாஸ்தவம். ஆனால் வருகிற ஜனமெல்லாம் “அந்தத் தம்பி இல்லியா, குழந்தைங்கள சிரிக்கவெப்பாரே” என்று கேட்பதைப் பார்த்துப் பார்த்து அவன் மூக்கு ஆறு மாசமாகவே சிவந்திருந்தது. இனிமேல் வேலைக்கு வரவேண்டாம், நாளைக் காலையில் யூனிஃபார்ம் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போ என்று மேனேஜர் யேசுதாசனிடம் சொல்லிவிட்டார்.

பத்து மணிக்கு வேன் வந்துவிடும். முனிரத்தினம் வண்டியின் பரம்பரையையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தான். திட்டுக்கு நடுவிலும் மூளை வேலை செய்தது. அது அவனிடம் இருந்த நல்ல குணம். பின்னால் போகிறதென்றால் பாட்டரி நல்லாயிருக்கிறது. மோட்டார் நல்லாயிருக்கிறது. மிதியும் நல்லாயிருக்கிறது. மிச்சம் லீவர் ஸ்விட்ச் ஒன்றுதான். சீட்டைத் தூக்கி, பாட்டரி ஒயர் ஒன்றை ஸ்பேனரால் கழற்றி வைத்துவிட்டு, டார்ச் அடித்துக் குனிந்தான். கரியாகத்தான் இருக்கவேண்டும். கரியாக இருந்தால் தான் நேற்றுச் சொன்னது உண்மையாகிவிடும். கறுப்பைத் தேடிக்கொண்டுதான் குனிந்தான்.

கறுப்பாக இல்லை. மஞ்சளாக இருந்தது. நடுவில் சிவப்பாக இருந்தது.

வியாழக்கிழமை ஆயுதபூஜை. வண்டியை ரிவர்ஸில் கொட்டகைக்குள் ஏற்றிவிட்டு, அவன்தான் குளிப்பாட்டினான். உதவிக்கு வந்த யேசுதாசனை “நீ தொடாத, ஒனக்கு இன்னா தெரியும்” என்று விரட்டிவிட்டு, ஸ்டீரிங்குக்கு, நாலு சக்கரத்துக்கு, ஆறு பாட்டரிக்கு என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்தான். வண்டிக்கு உயிர் சீட்டுக்கடியில் இருக்கிறது என்று தோன்றவே, சீட்டைத் தூக்கி, ஸ்விட்சில் தங்கமாக மின்னிய செம்புப் பட்டைகளுக்கும் தாராளமாக அப்பினான். லீவர் ரிவர்ஸில் கிடந்ததால் பின்னால் போவதற்கான செம்பு லீவரோடு ஒட்டி மூடிக்கொண்டு பொட்டிலிருந்து தப்பியது. முன்னால் போவதற்கான செம்பு, பாவம், பொட்டுக்கு நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றது. பூஜை போட்ட வண்டியை மறுநாள் யாரும் தொடவில்லை. சந்தனம் காய்ந்து சிமெண்ட் ஆயிற்று.

முதலில் சந்தனம் விற்ற கடைக்காரன் மேல் கோபம் வந்தது, மைதா கலந்திருப்பான். பிறகு ஸ்விட்சுக்கு ஒரு மூடி போடத் தெரியாத அமெரிக்காக்காரன் மேல் வந்தது. அங்கேயெல்லாம் சுற்றிவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல், கோபம் அவனிடமே திரும்பி வந்து உட்கார்ந்தது. அது உட்காருவது எவ்வளவு கனம் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உப்புத்தாளால் தேய்த்தான். ஒயரை மாட்டி, லீவரை முன்னால் தள்ளி மிதித்தான். வண்டி சமர்த்தாக வாசலுக்கு வந்து நின்றது.

வாசலில் மேனேஜர் நின்றார். இரண்டடி தள்ளி, மடித்த யூனிஃபார்ம் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யேசுதாசன்.

ஏகநாதனுக்கு முகமெல்லாம் பல். கம்பெனிக்கு உன்னை மாதிரி ஆள்தான் வேணும் என்று முதுகில் தட்டிவிட்டுக் கேட்டார்: “உள்ள எரிஞ்சிருந்துச்சாப்பா?”

தலையை ஆட்டினால் போதும். சந்தனத்தை உப்புத்தாளோடு அவன் அப்போதே சாக்கடையில் போட்டாயிற்று. யேசுதாசன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையின் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தான்.

“எரியல சார்.” முனிரத்தினம் கத்தினான், ஏதோ மேனேஜர்தான் குற்றவாளி மாதிரி. “நாந்தான் பொட்டு வெச்சேன்.”

“என்னது?”

“ஆயுதபூஜைக்கு சார். ஸ்விட்ச்சுல சந்தனம் வெச்சேன். காஞ்சி கல்லா பூட்ச்சி. கரண்டு போவல. இவன் மேல ஒரு தப்பும் இல்ல. லீவர திருப்பினான்னு சொன்னதும் பொய்யி. போதுமா?”

மேனேஜருக்கு ரத்தம் தலைக்கேறியது. வேன் ரோட்டு முனையில் திரும்புவது தெரிந்ததால் மட்டும் குரலை அடக்கிக்கொண்டார். இனிமேல் வண்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறதுதான் உனக்கு வேலை, நெளிந்த தகட்டைப் பற்றி முதலாளியிடம் நீயே போய்ச் சொல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். யேசுதாசனிடம், சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறு என்றார். மன்னிப்பு மாதிரி எதுவும் சொல்லவில்லை. மேனேஜர்கள் சொல்வதில்லை.

யேசுதாசன் மெதுவாகச் சட்டையை மாட்டினான். முனிரத்தினம் அவன் பக்கத்தில் போய் நின்றான்.

“திட்டிடுடா,” என்றான்.

“திட்டி இன்னாண்ணா ஆவப்போவுது.” யேசுதாசன் குரலை உயர்த்தவில்லை. “நேத்து வூட்டுல போயி நாந்தான் வண்டிய ஒடச்சிட்டேன்னு சொன்னேன். நீ பெரியவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானே நம்பிட்டேன். எம் பொஞ்சாதி அருள்மேரி சாப்புடவே இல்ல.”

முனிரத்தினம் குனிந்து, நெளிந்த தகட்டைக் கையால் நிமிர்த்தப் பார்த்தான்.

“சாயங்காலம் பம்மலுக்கு வா. எங்கிட்ட சொன்னது பத்தாது. அவகிட்ட நீயே சொல்லு.”

வேன் வந்து நின்றது. குழந்தைகள் முண்டியடித்து வண்டியில் ஏறின. யேசுதாசன் எல்லாரும் உட்கார்ந்தாயிற்றா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். வழக்கமான வேடிக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை.

முனிரத்தினம் கீற்றுப் பந்தலுக்குக் கீழே புளிசாதப் பொட்டலங்களை அடுக்கினான். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். “இத பாரும்மா, ஒம் புருசன் கீறானே...” சரியில்லை. “சோறு துண்ணாம இருந்தா மட்டும்...” அதுவும் சரியில்லை. எப்படி ஆரம்பித்தாலும் திட்டாகவே வந்தது. சாயங்காலம்வரை நேரம் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தான்.