பேர் போட்ட இரும்பு

கடலுக்கு இரும்பைக் கண்டாலே ஆகாது. ஆறு போய்க் கடலில் விழும் இடத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் பேட்டை. இங்கே சாயங்காலம் வெளியே மறந்து வைத்த கத்தி விடிவதற்குள் சிவந்துவிடும். கதவுக் கீல், சைக்கிள் செயின், சர்ச் மணி என்று எதையும் அந்தக் காற்று விட்டுவைக்காது. அப்படிப்பட்ட காற்றில், தகரக் கூரை போட்ட என் கொல்லைப்புறத்தில், எடை தூக்கும் ராடு ஒன்றும் அதற்குரிய இரும்பு பிளேட்டுகளும் துரு ஏறாமல் இருக்கின்றன என்றால் அது யார் புண்ணியம்? என் புண்ணியம்தான். அடக்கம் எனக்கு அவ்வளவாக வராது.

மீன் வறுத்து விற்பவள் நான். பெயர் நெரெய்தா. காலையில் சந்தைக்குப் போவதற்கு முன் நானும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கொல்லையில் எடை தூக்குவோம். முடி அலங்காரக் கடை வைத்திருக்கும் க்ரூசிதா வருவாள், மீன் வெட்டுகிறவர்கள் வருவார்கள், வயிற்றில் பிள்ளை இல்லாதபோது பாதிரியார் வீட்டு சமையல்காரி வருவாள். கட்டணம் கிடையாது, சட்டம் ஒன்றுதான். தூக்கினவள் துடைக்க வேண்டும். வெளியே கடல் உப்பு, உள்ளே வேர்வை உப்பு. இரண்டுக்கும் நடுவில் இரும்பு என்னதான் செய்யும், பாவம்! பழைய பல்தேய்க்கும் பிரஷால் ராடின் சொரசொரப்புக்குள் இருக்கும், கை வழுக்காமல் பூசிய சுண்ணாம்புத் தூளையும் உரிந்த தோலையும் எடுக்க வேண்டும். முனைகளில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பிளேட்டில் எங்காவது சிவப்பு தட்டினால் நாரத்தையைப் பாதியாக வெட்டி, உப்பைத் தொட்டுத் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வைத்து, மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. ஈரத்தோடு அடுக்கினவள் அந்த வாரம் ராடைத் தொடக் கூடாது. அழுதாலும் கூடாது.

அந்த பிளேட்டுகளை வெட்டியவன் எலிஹியோ மோத்தா. என் புருஷன். இல்லை, புருஷனாக இருந்தவன். சர்க்கரை ஆலையில் வெல்டர். ஆலையை மூடியபோது யாரும் சீந்தாமல் கிடந்த தடித்த இரும்பை வட்டம் வட்டமாக வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றிலும் தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் புடைப்பாக வெல்டிங் வைத்தான். கல்யாண மோதிரத்தில் என் பெயரைப் போட மறந்த மனுஷன், இரும்பில் தன் பெயரைப் போட ஒரு இடத்தையும் மறக்கவில்லை. பிறகு நியூயார்க் போனான். உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றான். கூப்பிட்டான், வேறொருத்தியை.

பிளேட்டுகள் வாதாம் மரத்தடியில் மழையில் கிடந்து செதில் செதிலாக உரிந்தன. பழைய இரும்பு வண்டிக்காரன் தெருவில் கூவிக்கொண்டு போவான். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும், போயிருக்கும். ஆனால் எனக்கு அப்போது யார் முகத்தையாவது கீற வேண்டும் போல் இருந்தது. அவன் முகம் கிடைக்கவில்லை, துரு கிடைத்தது. கம்பி பிரஷை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு பிளேட் சுத்தமானதும் அதை நகர்த்தி வைக்கத் தூக்கினேன். இடுப்பு வலிக்கும் என்று நினைத்தேன். இடுப்பு இன்னொன்று கேட்டது. அப்படித்தான் ஆரம்பித்தது.

பெயிண்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் எங்கள் பேட்டையில் வீட்டுக்குப் புது வர்ணம் பூசாதவர்கள் கிடையாது. வயிற்றுக்கு இல்லாவிட்டாலும் சுவருக்கு உண்டு. டப்பாவின் அடியில் மிஞ்சுவது எல்லாம் என் கொல்லைக்கு வரும். பிளேட்டுகளைச் சுரண்டாமல், சுத்தம் மட்டும் செய்து, முந்திய வருஷத்தின் மேலேயே இந்த வருஷத்தைப் பூசுவோம். பக்கத்து வீட்டு மீனவர் டோன் தீர்ஸோ எடை தூக்க மாட்டார், நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்லுவார். ஆனால் படகுப் பெயிண்ட் கொடுப்பார். உப்பை நிறுத்த அதைப்போல் ஒன்றும் இல்லை.

இந்த டிசம்பரில், நாங்கள் இன்னும் டப்பா திறக்காத நேரத்தில், வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. எலிஹியோ இறங்கினான். கழுத்தில் சங்கிலி, காலில் வெள்ளைச் செருப்பு, பல்லெல்லாம் சிரிப்பு.

“மொரேனா!” என்று பழைய செல்லப்பெயரைச் சொல்லிக் கை இரண்டையும் விரித்தான்.

“அந்தப் பேரு செத்து நாளாச்சு. டோன்யா நெரெய்தான்னு மரியாதையாக் கூப்பிடு.”

“அட, கோவம் இன்னும் அப்படியே இருக்கே. கோவத்துல நீ எப்பவும் அழகு.”

“நீதான் ஊதிட்டே. அங்க சோத்துக்குக் குறைச்சல் இல்ல போல.”

க்ரூசிதா ராடைத் துடைத்துக்கொண்டிருந்தவள் களுக்கென்று சிரித்தாள். அவன் கண்டுகொள்ளவில்லை. கொல்லைக்குள் நடந்து பிளேட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான், சந்தையில் தர்பூசணி தட்டுகிற மாதிரி.

“கடற்கரை ரோட்டுல ஜிம் வெக்கறேன். ஏசி, கண்ணாடி, எல்லாம். வெளிச் செவுத்துல இதுங்கள வரிசையா மாட்டப் போறேன். நடுவுல என் போட்டோ. ‘இங்கிருந்துதான் ஆரம்பம்’னு எழுதி. எப்படி?”

“எங்கிருந்து ஆரம்பம்? இத யாரு தூக்குனா, நீயா?”

“உனக்கு எதுக்குடி இந்த வயசுல இதெல்லாம்? பேரப்புள்ளய தூக்கு.”

“பேரப்புள்ள எடை பத்தாது.”

அதற்குள் தெருவே கொல்லைக்குள் வந்துவிட்டது. எங்கள் பக்கம் லாரி நின்றால் போதும், அழைப்பு வேண்டாம். கூட்டத்தைப் பார்த்ததும் எலிஹியோவின் குரல் இன்னும் ஏறியது.

“எல்லாரும் இருக்கீங்க, நல்லதாப் போச்சு. நீங்களே சொல்லுங்க. இதுல என் பேரு இருக்கா இல்லியா? பேர் போட்ட இரும்பு யாருக்கு?”

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பேட்டையில் நங்கூரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கடலில் அறுந்து விழுந்த நங்கூரம் யார் வலையில் வந்தாலும், அதில் வெல்டிங் வைத்த பெயர் யாருடையதோ அவனுக்குத்தான். எவ்வளவு காலம் ஆனாலும் சரி. டோன் தீர்ஸோவின் நங்கூரமே அப்படித்தான் ஒருமுறை அடுத்த துறையிலிருந்து திரும்பி வந்தது. அந்த வழக்கத்தை யாரும் மீறியதில்லை. அந்தப் பயலும் இங்கே பிறந்தவன்தானே, எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்து அடித்தான்.

“பேரு எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலியே,” என்றேன், சும்மா.

“காட்டறேன்.”

லாரியிலிருந்து இரும்பு தேய்க்கும் மிஷினைக் கொண்டுவரச் சொன்னான். கரண்ட் இல்லை. காலையிலேயே போயிருந்தது, அதன் வழக்கப்படி. கடைசியில் என் கம்பி பிரஷையும் என் சுரண்டும் தகட்டையுமே கேட்டு வாங்கினான். பெரிய பிளேட் ஒன்றை மடியில் சாய்த்துக்கொண்டு ஓரத்தில் சுரண்டத் தொடங்கினான்.

முதலில் ரோஜா நிறம் உதிர்ந்தது. “ஏய், அது என் கடைக் கதவு!” என்றாள் க்ரூசிதா. அதன் கீழே பச்சை. “என் படகு,” என்றார் டோன் தீர்ஸோ. அதன் கீழே நீலம், சர்ச் ஜன்னல்களுக்கு அடித்தது. அப்புறம் மூலைக் கடையின் ஆரஞ்சு. கூட்டத்துக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது, அடுத்தது யாருடையது என்று கத்தினார்கள். ஆரஞ்சுக்குக் கீழே ஒரு வெள்ளை வந்தது.

“செபெரினா வீடு,” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

செபெரினாதான் என்னோடு முதன்முதலில் எடை தூக்கியவள். கையில் கிடைத்த வெள்ளையெல்லாம் சேர்த்துத் தன் வீட்டுக்கு அடித்து, மிச்சத்தை இங்கே கொண்டுவந்து கொட்டியவள். புயலில் அந்த வீடும் போனது, அந்த வருஷமே அவளும் போனாள். அவளுடைய வெள்ளை தூளாகி அவன் வெள்ளைச் செருப்பின் மேல் விழுந்தது. அவன் காலை உதறினான். அந்த உதறலைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம், அவன் என்னை விட்டுப் போனபோதுகூட வந்ததில்லை.

“இதோ!” என்றான். எழுத்துகள் வெளியே வந்திருந்தன. இரண்டும் அப்படியே இருந்தன, தடிமனாக, வெட்கமில்லாமல்.

எல்லோரும் டோன் தீர்ஸோவைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பேர் போட்ட இரும்பு பேருக்காரனுக்குத்தான். நெரெய்தா, என்னத்தச் சொல்ல? வழக்கம் அப்படி.”

“கேட்டியா?” என்றான் எலிஹியோ.

கேட்டேன். அழுகைகூட வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தக் கொல்லையில் நாங்கள் இரும்பை மட்டுமா தூக்கினோம்? புருஷன் அடித்த மறுநாள் வந்து தூக்கியவள் உண்டு. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து ராடைத் துடைத்துவிட்டுப் போனவள் உண்டு. அதெல்லாம் போய் ஒருத்தன் போட்டோவுக்குப் பக்கத்தில் தொங்க வேண்டுமாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் நடுவில் வந்து நின்றேன்.

“சரி. இரும்பு உன்னோடது. எடுத்துக்கோ.”

“நெரே!” என்று கத்தினாள் க்ரூசிதா.

“நீ சும்மா இருடி. எலிஹியோ, இரும்பு உன்னோடது, பெயிண்ட் உன்னோடதா? அதுல எங்கயாவது உன் பேரு இருக்கா? ரோஜாக் கலரு இவளோடது. பச்ச அவரோடது. வெள்ள செபெரினாவோடது. இரும்ப எடுத்துட்டுப் போ. எங்க பெயிண்ட்ல ஒரு பொட்டு ஒட்டிக்கிட்டுப் போகக் கூடாது.”

முதலில் சிரிப்புதான் வந்தது எல்லோருக்கும். அப்புறம் சிரிப்பு நின்றது. டோன் தீர்ஸோ தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“நியாயமான பேச்சு. என் பச்சய நான் உனக்குக் குடுக்கலப்பா. அத உட்டுட்டு எடுத்துட்டுப் போ,” என்றார். உடனே ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். என் ஆரஞ்சு, எங்க நீலம், எங்க மஞ்சள்! லாரிக்கும் பிளேட் அடுக்குக்கும் நடுவில் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காலையில் எடை தூக்கும் கைகள் அவை. எலிஹியோ அவற்றைப் பார்த்தான்.

“இதெல்லாம் ஒரு வேலையா எனக்கு? நிமிஷத்துல முடிச்சுடறேன்,” என்றான். ஊரெல்லாம் நின்று பார்க்கும்போது, தன் இரும்பைத் தன்னால் சுத்தம் செய்ய முடியாது என்று அவன் எப்படிச் சொல்வான்?

சட்டையைக் கழற்றினான். தேய்த்தான். படகுப் பெயிண்ட் என்றால் லேசா? அது கடலுக்கே மசியாதது. எழுத்துகளின் இடுக்கில் எங்கள் வர்ணம் அப்பிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவனுக்கு அவன் பெயர்தான் பெரிய தொல்லை. க்ரூசிதா நாற்காலி போட்டு உட்கார்ந்து, “அந்த ஓரத்துல ரோஜா தெரியுது, சார்,” என்று காட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

“பாஸ், நான் கிளம்பணும். கிறிஸ்மஸ் பன்னி ஏத்தறதுக்கு ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

அப்போது அவன் கையில் முழுசாகச் சுத்தமானது ஒரே ஒரு பிளேட். பளபளவென்று, பிறந்த பிள்ளை மாதிரி அம்மணமாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது அவன் முட்டி தடுமாறியதை எல்லோரும் பார்த்தார்கள்.

“மீதிய அப்புறம் வந்து எடுத்துக்கறேன்.”

“வா. பிரஷ் இங்கயேதான் இருக்கும்,” என்றேன்.

அம்மண இரும்புக்குப் பூச எண்ணெய் இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

அன்று சாயங்காலமே பெயிண்ட் டப்பாக்களைத் திறந்தோம். மீதியிருந்த பிளேட்டுகளுக்கு இந்த வருஷத்து வர்ணம் மூன்று பூச்சு, கெட்டியாக. ஜோடி இழந்த பிளேட்டுக்குத் துணையாக, துணி துவைக்கும் தொட்டியில் சிமெண்ட் வார்த்து ஒன்று செய்தோம். காய்வதற்கு முன் க்ரூசிதா ஒரு குச்சியை எடுத்து, “யார் பேர எழுதலாம்?” என்றாள். யார் பெயரையும் எழுதவில்லை.

கிறிஸ்மஸ் முடிந்து வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மீன் கூடையோடு கடற்கரை ரோடு வழியாகப் போனேன். ஜிம் திறந்திருந்தது. பால் வெள்ளைச் சுவர், சிரிக்கிற போட்டோ, அதன் பக்கத்தில் ஒற்றை பிளேட். அந்த இரண்டு எழுத்துகளிலிருந்தும் துருத் தண்ணீர் ஒழுகி, சுவரின் அடிவரை செங்கோடாக இறங்கியிருந்தது. போட்டோவையும் அது விடவில்லை. நான் அங்கே நின்று நன்றாகப் பார்த்தேன். அவசரமே படவில்லை.

மறுநாள் காலை, நாங்கள் எடை தூக்கிக்கொண்டிருந்தபோது, அதே லாரிக்காரன் அந்த பிளேட்டைக் கொண்டுவந்து இறக்கினான்.

“பாஸ் குடுத்தனுப்பினாரு. உங்களுக்குத்தான் பக்குவம் தெரியுமாம். கொஞ்சம் சுத்தம் பண்ணி, பெயிண்ட் அடிச்சுத் தருவீங்களாம்.”

“நெரே, வெச்சுக்கலாம்டி! நம்ம ஜோடி வந்துடுச்சு,” என்று க்ரூசிதா காதில் கிசுகிசுத்தாள்.

“வேணாம். அது நம்ம இரும்பு இல்ல. பேரு இருக்கு பாரு.”

அடுப்படிக்குப் போய் ஒரு நாரத்தையைப் பாதியாக வெட்டினேன். அதை பிளேட்டின் நடுவில் வைத்து, மேலே ஒரு பிடி உப்பும் போட்டு, லாரியில் திரும்ப ஏற்றச் சொன்னேன்.

“இது என்னத்துக்கு, டோன்யா?”

“தேய்க்க. இங்க சட்டம் ஒண்ணுதான்னு உங்க பாஸ்கிட்ட சொல்லு. தூக்கிட்டுப் போனவங்கதான் துடைக்கணும்.”

லாரி போனது. நான் சிமெண்ட் பிளேட்டை மாட்டி, ராடைத் தூக்கி நிறுத்தி, கீழே வைத்தேன். பிறகு துணியை எடுத்துத் துடைத்தேன்.