கூச்சக்காரியின் குரல்

1
இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. இரவு வேலையை விட்டுவிட்டேன். தூக்கம் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை, பகலில்தான் வருகிறது. படுத்துக் கிடப்பேன். அடுத்த அறையில் அக்காவுக்கு வேலை. மரம் வெட்டி ஓய்ந்த காட்டில் கட்டிவைத்த கருவிகள் பதிந்த ஒலிகளைக் கேட்டு, எந்தப் பறவை திரும்பியது என்று சொல்வாள்.

2
"காடு மெல்ல உயிர்த்தெழுந்து—"

இப்படி எழுதி, அடித்துவிட்டேன். காடு அப்படி எழாது. பழம் தின்னும் பறவைகள் சீக்கிரம் வந்துவிடும். நிழலில், தரையில் பூச்சி பொறுக்கும் கூச்சக்காரி (அக்கா வைத்த பட்டப்பெயர்) லாரித் தடத்தின் வெளிச்சத்தைக்கூடத் தாண்டமாட்டாள். கடைசியாக வருவாள். வராமலும் போகலாம்.

3
"டேய், எழுந்து வா. இதைக் கேளு."

மூன்று நீண்ட விசில்.

"கூச்சக்காரியா? அதுக்கு ஏன் உன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"அவ வந்துட்டா காடு தேறிடுச்சுன்னு அர்த்தம். தேறின காட்டைத் திரும்ப வெட்டலாம். மரக் கம்பெனியோட ஒப்பந்தம் அப்படி."

"நல்லா இருக்கு. அடிபட்டவன் எழுந்து நின்னா மறுபடி அடிக்கலாம்."

"வாயை மூடு. இது கரிச்சானாவும் இருக்கலாம்."

(கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும்.)

"இல்லாத பறவைகிட்ட அது எப்படிக்கா கத்துக்கும்?"

"எங்கிட்டதான்டா."

கூச்சக்காரி எங்கிருந்தாவது பதில் கொடுப்பாளா என்று, ஒலிபெருக்கியில் அந்தக் குரலைப் போட்டபடி காடு முழுக்க நடந்தவள் அக்காதான்.

4
அக்காவைத் துணிச்சல்காரி என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அலுவலகத்திலிருந்து போன் வரக்கூடாதென்று வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

முடிவு அ: 'கரிச்சான்' என்கிறாள். காடு தப்புகிறது. பொய்யென்று பின்னால் தெரிந்தால், இனி எந்தக் காட்டுக்கும் அவள் சொல் செல்லாது.

முடிவு ஆ: 'கூச்சக்காரி' என்கிறாள். ரம்பங்கள் வருகின்றன. கரிச்சான் கிளையிலிருந்து அந்தச் சத்தத்தையும் கேட்டு—

(வேண்டாம். இதை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

5
மறுபடி போட்டாள். மூன்று விசில். அதன் வாலில் சின்னதாக ஒரு 'டிக்'.

"கேட்டியா? ஒலிபெருக்கியை அணைச்சா இப்படித்தான் சத்தம் வரும்."

"சுள்ளி ஒடிஞ்சிருக்கலாம், அக்கா."

"அதான்டா பயமே."

எந்தப் பறவை என்று கேட்க, அலுவலகத்திலிருந்து போன் அடிக்கிறது. ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு, என் வாயையே பார்க்கிறாள். இரவு வேலையில் இயந்திர இரைச்சலோடு கிடந்து மந்தமான காது என்னுடையது. அதை நம்பி ஒரு காட்டைக் கொடுக்கமாட்டேன்.

கழற்றி, இதை வாசிக்கும் உங்களிடம் நீட்டுகிறேன். இன்னும் ஒருமுறை கேட்க நேரமிருக்கிறது. தலையாட்டினால் போதாது, போனில் அந்தப் பக்கம் இருப்பவருக்குக் குரல்தான் கேட்கும்.

அக்கா போனை எடுத்துவிட்டாள்.